தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத மொழிக்கு: கிழக்கில் சிங்களம் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையின் கரையோர ஊர்களிலோ சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கத் தொடங்கும் ஒருவர், அதன் வட்ட எழுத்துகளைக் கண்டதும், தமக்கு ஒரு சொல்லும் தெரியாத மொழியின் முன் நிற்பதாக எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணம் உண்மையன்று. அவர் காலையில் வாங்கிய பாண், அதை வைத்துத் தின்ற மேசை, உடுப்பு அடுக்கிய அலுமாரி, முகம் துடைத்த துவாய், காலில் போட்ட சப்பாத்து, கடையில் கொடுத்த சல்லி ஆகிய யாவும் சிங்களத்திலும் ஏறத்தாழ அதே பெயர்களோடு இருக்கின்றன: பான், மேஸய, அல்மாரிய, துவாய, ஸபத்துவ, ஸல்லி. இவ்வாறு இரு மொழிகளிலும் அடையாளம் காணக்கூடிய உருவில் இருக்கும் சொற்களை இந்தக் கட்டுரையில் உறவுச் சொற்கள் என்று குறிப்பிடுகிறேன். அவற்றை ஒழுங்காகத் திரட்டி, அவை மாறும் முறையை அறிந்து, ஏமாற்றும் சொற்களைப் பிரித்து வைத்துப் படித்தால், கற்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே பெயர்ப்பலகைகளையும் எளிய வாக்கியங்களையும் விளங்கிக்கொள்ள முடியும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மொழியியலில், ஒரே மூலமொழியிலிருந்து வழிவழியாக வந்த சொற்களே உறவுச் சொற்கள் எனப்படும். தமிழில் மலை, தலை, இலை என்பவை மலையாளத்தில் மல, தல, இல என்று இருப்பதும், தமிழில் பால், பல், பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என்று இருப்பதும் அத்தகைய உறவு. சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. தமிழ் திராவிட மொழி. ஆகவே இவ்விரண்டுக்கும் பொதுவான சொற்கள் பெரும்பாலும் கடன் சொற்களே: சமஸ்கிருதத்திலிருந்தும் பாளி, பிராகிருதங்களிலிருந்தும் இரண்டுக்கும் வந்தவை, தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போனவை, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இரண்டிலும் விட்டுச் சென்றவை. இந்த வேறுபாட்டை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். வகுப்பறையில் கிடைக்கும் பயனோ எல்லா வகையிலும் ஒன்றுதான்.

வீட்டுப் பேச்சை வகுப்புக்குள் அனுமதியுங்கள்

முதலில் செய்ய வேண்டியது, மாணவர் ஏற்கெனவே பேசும் சொற்களைத் திரட்டுவதாகும். இங்கே பல ஆசிரியர்கள் ஒரு நல்ல வாய்ப்பைத் தவற விடுகிறார்கள் என்பது என் கருத்து. எழுத்துத் தமிழில் பணம், அலுவலகம், காற்சட்டை, காலணி, கடப்பாரை என்று எழுதுமாறு பிள்ளைகளைப் பழக்குகிறோம். தமிழ்ப் பாடத்தில் அது சரியே. ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டில் வழங்கும் சல்லி, கந்தோர், களிசான், சப்பாத்து, அலவாங்கு என்ற சொற்களே சிங்களத்தில் ஸல்லி, கந்தோருவ, கலிஸம, ஸபத்துவ, அலவங்குவ என்று இருக்கின்றன. கந்தோர் ஒல்லாந்தர் மொழியிலிருந்தும், களிசான், சப்பாத்து, அலவாங்கு, அலுமாரி, மேசை, பாண் ஆகியவை போர்த்துக்கேயத்திலிருந்தும் வந்தவை. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை 1638 இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய மட்டக்களப்பில், இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி அறிந்த பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் இச்சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவது, சிங்களம் கற்கும் பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாசலை நாமே அடைப்பதாகும். இரண்டாம் மொழிப் பாடவேளையிலாவது அவை தடையின்றி உள்ளே வரட்டும்.

ஆகவே முதல் பாடத்தில் புத்தகத்தைத் திறக்காமல், வீட்டில் உள்ள பொருட்களின் பெயர்களை வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லச் சொல்லுங்கள். அவற்றைக் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் எழுதி, சிங்கள வடிவம் பொருந்துகிறவற்றை மட்டும் மறுபக்கத்தில் நிரப்புங்கள். சமையலறையும் கடைத்தெருவும் அதிகமாகத் தரும்: அப்பம் ஆப்பவாகவும், இடியப்பம் இந்தியாப்பவாகவும், பிட்டு பிட்டுவாகவும், வடை வடேயாகவும், கொத்தமல்லி அப்படியே கொத்தமல்லியாகவும் இருக்கின்றன. கடை கடே, கோவில் கோவில, முதலாளி முதலாளி. உறவுமுறையில் அக்காவும் மாமாவும் மாறவேயில்லை.

இரண்டாவது களம் பெயர்ப்பலகை. அரச நிறுவனங்களின் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதால், மாணவர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மகா வித்தியாலயம் என்பதற்கு மேலே மஹா வித்யாலய, நகர சபை என்பதற்கு மேலே நகர ஸபாவ, பிரதேச சபை என்பதற்கு மேலே ப்ராதேஷீய ஸபாவ என்று இருக்கும். காரியாலயம் கார்யாலய ஆகும். சட்டத்தரணியின் பலகையில் பிரசித்த நொத்தாரிசு என்று இருப்பது ப்ரஸித்த நொதாரிஸ் ஆகும். ஜனாதிபதி இரு மொழியிலும் ஜனாதிபதிதான். கொப்பியின் அட்டையில் நாம் எழுதும் அப்பியாசம் சிங்களத்தில் அப்யாஸய. இலங்கைத் தமிழ் நிருவாகத்திலும் கல்வியிலும் வடசொற்களை அதிகம் வைத்திருப்பதால், இந்தப் பகுதியில் நமக்குக் கிடைக்கும் பயன் பெரிது. 2007 க்குப் பின் அரச சேவையில் சேர்ந்து, மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டிய நிலையில் உள்ள உத்தியோகத்தர்கள், தங்கள் கந்தோர்ப் படிவங்களிலிருந்தே தொடங்குவது நல்லது.

சொல்லின் வால் எப்படி மாறுகிறது

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தினால், ஐம்பது சொல் படித்தவருக்கு ஐம்பது சொல்தான் தெரியும். மாறும் முறையைப் படித்தவர் இதுவரை காணாத சொல்லையும் ஊகிப்பார். அந்த முறைகளில் மிகவும் பயனுள்ளது சொல்லின் இறுதியைப் பற்றியது.

தமிழில் இகரத்தில் முடியும் அஃறிணைப் பெயர் சிங்களத்தில் பெரும்பாலும் யகரம் பெறும்: பெட்டி பெட்டிய ஆகும், முட்டி முட்டிய ஆகும், கொடி கொடிய ஆகும். உகரத்தில் முடிவது வகரம் பெறும்: சாக்கு ஸாக்குவ (சிங்களத்தில் இது சட்டைப்பை), தட்டு தட்டுவ, செருப்பு ஸெரெப்புவ. அம் என்று முடியும் வடசொற்கள் அய என்று முடியும்: நகரம் நகரய, காலம் காலய, பிரதேசம் ப்ரதேஷய, வருசம் வர்ஷய, மாசம் மாஸய, புத்தகம் புஸ்தகய, சமுத்திரம் ஸமுத்ரய. கல்லோயாத் திட்டத்தில் எழுந்த சேனாநாயக்க சமுத்திரத்தின் பெயரை அறிந்த அம்பாறைப் பிள்ளைக்கு இந்தக் கடைசிச் சொல்லைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழில் ஐகாரத்தில் முடியும் வடசொற்கள் ஆவ என்று முடிவது வழக்கம்: பாஷை பாஷாவ, சபை ஸபாவ, கருணை கருணாவ, வேளை வேலாவ, ஆசை ஆஷாவ. விதிக்கு அடங்காதவையும் உண்டு. கடை கடே ஆனதும் மேசை மேஸய ஆனதும் அத்தகையவை.

இந்த வாலில் இலக்கணமும் அடங்கியிருக்கிறது என்பதை ஆசிரியர் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டிய என்பது குறித்த ஒரு பெட்டியை உணர்த்தும். பெட்டியக் என்றால் ஏதோ ஒரு பெட்டி. வால் இல்லாமல் பெட்டி என்று மட்டும் சொன்னால் அது பன்மை, அதாவது பெட்டிகள். தமிழர் ஒருவர் தம் சொல்லை அப்படியே சொல்லிவிட்டு ஒரு பெட்டி கேட்டதாக நினைக்கும்போது, எதிரில் இருப்பவர் எத்தனை பெட்டி என்று திருப்பிக் கேட்பார். ஸாக்குவ, ஸாக்கு என்பவற்றுக்கும் இதே வேறுபாடுதான். ஆகவே உறவுச் சொல்லைக் குறித்து வைக்கும்போது குறித்த ஒருமை, குறியா ஒருமை, பன்மை என்ற மூன்று வடிவங்களையும் சேர்த்தே எழுதப் பழக்குங்கள். ஒரு சொல்லால் மூன்று பாடம் முடியும்.

ஒலி மாறும் வழிகள்

தமிழ்ச் சகரத்துக்குச் சிங்களத்தில் ஸகரமும் சில இடங்களில் ஹகரமும் வரும். சட்டி ஹட்டிய ஆனது இதற்கு நல்ல சான்று; தயிர்ச் சட்டிக்குப் பெயர்பெற்ற நம் மாவட்டத்தில் இந்தச் சொல்லை ஒருவரும் மறக்க மாட்டார்கள். சித்தம் எழுத்து நடையில் ஸித, பேச்சில் ஹித. சந்திரனுக்குப் பேச்சில் ஹந்த, இலக்கிய நடையில் ஸந்த. ஆனால் சல்லியும் சாக்கும் ஸகரத்தோடேயே நின்றுவிட்டன. இத்தகைய ஒலி விதிகள் எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும். விடையை உறுதிப்படுத்த அகராதியோ சிங்களம் பேசும் ஒருவரோ வேண்டும்.

இன்னொரு போக்கு, பழஞ்சொற்களில் இரட்டித்த மெய்யும் கூட்டெழுத்தும் கரைந்து, நெடில் குறுகுவது. துக்கம் துக ஆயிற்று, புண்ணியம் பின் ஆயிற்று, கிராமம் கம ஆயிற்று, நகரம் நுவர ஆயிற்று. பாவம் பவ் ஆயிற்று. நாம் ஐயோ பாவம் என்று இரங்கும் இடத்தில் அவர்கள் அனே பவ் என்பார்கள். சொல் மட்டுமன்றி, பாவத்தைக் குறிக்கும் சொல்லை இரக்கத்துக்கும் வழங்கும் பழக்கமும் இரு மொழிக்கும் பொதுவாக இருப்பதை மாணவர் கண்டுகொள்ளும் இடம் இது. இதற்காகச் சில நிமிடங்களை ஒதுக்கலாம்.

இதனால் சிங்களத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு அடுக்குகள் அமைந்திருக்கின்றன. நகரய, க்ராமய, லோகய, சந்த்ரயா என்ற வடமொழி வடிவங்கள் ஒருபுறமும், நுவர, கம, லொவ, ஸந்த என்று இயல்பாகத் திரிந்தவை மறுபுறமும் வழங்குகின்றன. நம் இலக்கணத்தில் தற்சமம், தற்பவம் என்று பிரிப்பதும் இதையே. தமிழ் மாணவருக்கு முதலில் தற்சமத்தைக் கற்பிப்பதே சிறந்த வழி என்று நினைக்கிறேன். அவை தமிழ் வடிவத்துக்கு மிக நெருங்கியவை, அரச கடிதங்களிலும் செய்திகளிலும் அதிகம் வருபவை. திரிந்த வடிவங்கள் பேச்சோடு பேச்சாகத் தாமே வந்து சேரும்.

எழுத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு குறை உண்டு. தமிழில் ககரம் ஒன்றே. சிங்களத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வெவ்வேறு எழுத்துகள் உள்ளன. பாலைக் குறிக்கும் கிரி என்ற சிங்களச் சொல் கிளி என்பதில் உள்ள ககரத்தோடு தொடங்கும். மலையைக் குறிக்கும் கிரி, கங்கை என்று சொல்லும்போது முதலில் வரும் ககரத்தோடு தொடங்கும். தமிழெழுத்தில் குறித்து வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் உறவுச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி வைப்பதைத் தொடக்கத்தில் மட்டும் அனுமதித்து, சிங்கள எழுத்து கைவந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். ஹகரம் கலந்து ஒலிக்க வேண்டிய மூச்சொலி எழுத்துகள் பேச்சில் தனியாக ஒலிக்கப்படுவதில்லை. எழுத்துப் பரீட்சையில் மட்டும் கவனம் வேண்டும். நெடிலும் குறிலும் நமக்குப் பழக்கமானவை என்றாலும், மம என்றால் நான், மாமா என்றால் மாமா என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏமாற்றும் சொற்கள்

ஒலி ஒன்றாக இருந்து பொருள் விலகிய சொற்களே இந்த முறையின் ஆபத்தான பகுதி. அதனால் இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அவஸரய என்ற சிங்களச் சொல் அனுமதியைக் குறிக்கும். அவஸர நெத என்று ஒரு வாசலில் எழுதியிருந்தால் அனுமதி இல்லை என்று பொருள். தமிழ் அவசரத்தை மனதில் வைத்து வாசிப்பவர் அவசரமில்லை என்று விளங்கிக்கொண்டு உள்ளே நடந்துவிடுவார். தவஸ என்பது நாள். திவசம் நமக்கு இறந்தவருக்குச் செய்யும் கிரியை. மந்த்ரீ என்பவர் பாராளுமன்றத்திலோ சபையிலோ உறுப்பினர். மந்திரி நமக்கு அமைச்சர். முதல் என்பது சிங்களத்தில் பணம். ஆகையால் முதல் எமதி என்று செய்தியில் கேட்டால் நிதியமைச்சர் என்று கொள்ள வேண்டும். நம் முதலமைச்சருக்கு அவர்கள் வழங்கும் சொல் மஹ எமதி. செய்தி கேட்டுப் பழகும் மாணவர் இந்த ஒரு சொல்லால் முழுச் செய்தியையும் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடும்.

முற்றிலும் விலகாமல் சற்று நகர்ந்த சொற்கள் இன்னும் பல. இடம காணியைக் குறிக்கும். குலிய வாடகையைக் குறிக்கும். லாப என்பது இலாபத்தோடு மலிவையும் குறிக்கும். ப்ரஷ்னய பிரச்சினையோடு கேள்வியையும் குறிக்கும். அய்யா என்பது அண்ணன். கந்தோரில் பெரியவர் ஒருவரை நாம் ஐயா என்று மரியாதையாக அழைப்பதும், சிங்களத்தில் அய்யா என்று உரிமையோடு அழைப்பதும் ஒன்றல்ல. பள்ளிய என்பது தேவாலயத்தையும் பள்ளிவாசலையும் குறிக்கும், பள்ளிக்கூடத்தைக் குறிக்காது. பள்ளி என்றாலே பள்ளிவாசல் என்று கொள்ளும் காத்தான்குடி, சம்மாந்துறைப் பிள்ளைகள் இதைச் சரியாக ஊகித்துவிடுவார்கள்.

இச்சொற்களை எப்போது அறிமுகப்படுத்துவது என்பதில் கவனம் தேவை. முதல் பாடத்திலேயே எச்சரித்தால் மாணவர் எல்லா ஒற்றுமையையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். மிகவும் தாமதித்தால் தவறான பொருள் வேரூன்றிவிடும். மாணவருக்கு நல்ல உறவுச் சொற்கள் நூறு அளவில் பழகிய பிறகு, பாடத்துக்கு இரண்டு மூன்றாக இவற்றைக் கொண்டுவருவது போதுமானது. ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாகச் சொல்லாமல், அது உண்மையில் வரும் தொடரோடு கொடுங்கள்: வாசலில் காணும் அவஸர நெத, வீட்டு விளம்பரத்தில் காணும் குலியட (வாடகைக்கு), செய்தியில் வரும் முதல் எமதி. கொப்பியில் இவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

பாடத்தை நடத்தும் முறை

சொற்களை வாக்கியத்துக்குள் இறக்கும்போது நமக்கு இன்னொரு துணையும் கிடைக்கிறது. சிங்கள வாக்கியத்திலும் எழுவாய் முதலிலும் வினை இறுதியிலும் வருகின்றன. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. மம கடேட யனவா என்றால் நான் கடைக்குப் போகிறேன். இதில் நான்காம் வேற்றுமைக்கு உரிய டகரத்தையும் யனவா என்ற வினையையும் அறிந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது. மம மாமாட ஸல்லி துன்னா என்றால் நான் மாமாவுக்குச் சல்லி கொடுத்தேன். கடே பெட்டியக் தியெனவா என்றால் கடையில் ஒரு பெட்டி இருக்கிறது. வினைச்சொற்களில் உறவு மிகக் குறைவு. யனவா, எனவா, கனவா, தெனவா என்பவற்றைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவர் என்று ஆளுக்கேற்ப வினை மாறாததால், ஒரு வினையை ஒரு முறை படித்தாலே போதும். பெயர்ச்சொல்லில் மிச்சப்படும் நேரத்தை வினைச்சொல்லுக்குக் கொடுப்பதே இந்த முறையின் உண்மையான ஆதாயம்.

இதற்கு ஏற்ற பயிற்சி, உறவுச் சொற்கள் நிறைந்த சிறு பந்தி ஒன்றை ஆசிரியர் தாமே எழுதிக் கொடுப்பது. மாணவர் முதலில் அகராதியின்றி, ஊகிக்கக்கூடிய சொற்களின் கீழே கோடிடட்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் தாம் நினைக்கும் பொருளையும், எந்தத் தமிழ்ச் சொல்லைக் கொண்டு அப்படி நினைத்தார் என்பதையும் எழுதட்டும். அடுத்து, அந்தப் பொருள் வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று அருகிலிருப்பவரோடு பேசிப் பார்க்கட்டும். இறுதியாகவே ஆசிரியர் சரி பார்க்க வேண்டும். ஊகத்துக்குக் காரணம் கேட்பது இன்றியமையாதது. காரணம் சொல்லப் பழகிய மாணவர், தவறான ஊகத்தைத் தாமே திருத்திக்கொள்கிறார். சிறிய வகுப்பினருக்கு ஊகத்தை வாய்மொழியாகக் கேட்டாலே போதும்.

தனியாகப் படிப்பவர், பேருந்தில் கொழும்புக்கோ கண்டிக்கோ போகும்போது வழிநெடுகக் காணும் பலகைகளை வாசித்து, வீடு வந்ததும் கொப்பியில் பதியலாம். சிங்கள வானொலிச் செய்தியில் புரிந்த பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுவதும் நல்ல பயிற்சி.

மத்ரஸாக்களில் அரபு படிப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். அசல், நகல், பாக்கி, ரத்து ஆகியவை அரபு மூலமுடைய சொற்களே. நகல் நமக்குப் பிரதியைக் குறிப்பதாக நின்றுவிட, அரபு மூலச்சொல் இடம் மாற்றுதலையும் எடுத்துச் செல்லுதலையும் குறிக்கிறது என்பதால், இங்கேயும் சிவப்பு மைப் பக்கம் தேவைப்படும்.

சிங்களவருக்குத் தமிழ் கற்பிப்போர் செய்ய வேண்டியது

அம்பாறை நகரிலும் உகனை, தெகியத்தகண்டியப் பக்கங்களிலும் சிங்களம் பேசுவோருக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதே வழியை மறுபுறமிருந்து நடக்க வேண்டும். வாலைக் கழற்றக் கற்பிப்பதே முதல் பாடம்: பெட்டிய என்பதில் யகரம் போனால் பெட்டி, நகரய என்பதில் அய போய் அம் வந்தால் நகரம். தமிழில் வாலற்ற வடிவம் ஒருமை என்பதையும், பன்மைக்குக் கள் சேர வேண்டும் என்பதையும் உடனே சொல்ல வேண்டும். இல்லையேல் கடையில் பெட்டி என்று எழுதியிருப்பதைப் பல பெட்டிகள் என்று வாசிப்பார்கள். ஏமாற்றும் சொற்களில் அவசரத்தையே முதலில் எடுங்கள். ஒரு தமிழர் கந்தோர் மேசைக்கு முன் நின்று அவசரம் என்று சொல்லும்போது, அனுமதி கேட்கிறார் என்று உத்தியோகத்தர் எண்ணிவிடக் கூடாது. ஒரே ககரம் இடத்துக்கு இடம் வேறு ஒலி பெறுவது அவர்களுக்குப் பெருங்குழப்பம் தருவதால், வாசிப்பைவிடக் கேட்டலுக்கு முன்னிடம் கொடுங்கள். தமிழ் வினை போகிறேன், போகிறாய், போகிறார் என்று ஆளுக்கு ஆள் மாறுவதில் எந்த உறவுச் சொல்லும் அவர்களுக்குத் துணை நிற்காது. பாடத்திட்டத்தில் அதிக நாட்களை அதற்கே ஒதுக்கி, அக்கா, மாமா, கடை, சல்லி போன்ற தெரிந்த பெயர்களையே எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் வைத்துப் பயிற்சி கொடுத்தால், அவர்களுடைய கவனம் முழுவதும் வினையின் இறுதியில் நிற்கும்.